ஊக்கி செலவாகாது, சரி. அப்புறம் அது எங்கே போகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் மாணவர் பக்கத்தில் சென்ற வாரம் வந்த அமில ஊக்கிகள் (இரசாயனத் தாக்கத்தை விரைவாக்கும் அமிலங்கள்) பற்றிய குறிப்பை உயர்தர வகுப்பில் எல்லோருமாக வாசித்தோம். அமிலமும் அற்ககோலும் சேர்ந்து எசுத்தர் உருவாகும் விதத்தை இவ்வளவு தெளிவாகத் தமிழில் தந்ததற்கு நன்றி. ஆனால் "ஊக்கி தாக்கத்தில் செலவாவதில்லை" என்ற வரியோடு குறிப்பு நின்றுவிட்டது. கைத்தொழிலில் சிக்கல் ஆரம்பிப்பதே அந்த இடத்தில்தான்.

கொழுந்து பறித்துவிட்டு வந்து முழங்காலுக்குத் தேய்க்கும் வலித்தைலத்தின் வாசம் எங்கள் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். அது மெதைல் சலிசிலேற்று என்ற எசுத்தர். நுவரெலியாப் பக்கம் வளரும் வெல் கபுருச் செடியின் இலையைக் கசக்கினாலும் அதே வாசம் வரும். தொழிற்சாலையில் சலிசிலிக் அமிலத்தையும் மெதனோலையும் செறிந்த சல்பூரிக் அமிலத்தோடு சூடாக்கி அதைச் செய்கிறார்கள். 1895இல் பிஷரும் ஸ்பையரும் காட்டிய வழி. சல்பூரிக் அமிலம் கொடுக்கும் புரோத்தன் (H⁺) சலிசிலிக் அமிலத்தின் காபனைல் ஒட்சிசனில் (காபனோடு இரட்டைப் பிணைப்பில் உள்ள ஒட்சிசனில்) ஏறியதும் மெதனோல் அந்தக் காபனைத் தாக்குவது சுலபமாகிறது. முடிவில் புரோத்தன் திரும்பி வருகிறது. சமநிலை நகர்வதில்லை, அதை அடையும் வேகம்தான் கூடுகிறது. விளைவு கூட வேண்டுமானால் மெதனோலை மிகையாகச் சேர்க்க வேண்டும்.

மிஞ்சிய சல்பூரிக் அமிலம் விளைபொருளோடு கலந்தே கிடக்கும். ஆய்வுகூடத்தில் எதனோயிக் அமிலத்திலிருந்து எசுத்தர் செய்து, சோதனைக் குழாயில் உள்ளதைச் சோடியம் காபனேற்றுக் கரைசலில் ஊற்றும்போது பொங்கும் நுரையைப் பிள்ளைகள் ரசித்துப் பார்ப்பார்கள். மிஞ்சிய எதனோயிக் அமிலத்தோடு ஊக்கியும் அங்கேதான் தீர்ந்துபோகிறது. தொழிற்சாலையில் இதுவே தாங்கிக் கணக்கில் சோடியம் சல்பேற்றுக் கழிவுநீராக வெளியேறும். மகாவலிக்கும் களனிக்கும் நீர் ஊறும் மலையில் குடியிருக்கிற பிள்ளைகள் இதைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

இந்தக் கழிவைக் குறைக்க உதவுபவை திண்ம அமிலங்கள், அதாவது கலவையில் கரைந்துவிடாமல் திண்மத்தில் தங்கியே ஊக்கியாகும் அமிலங்கள். எதீனிலிருந்து எதனோல் செய்ய, பொசுபோரிக் அமிலத்தைச் சிலிக்காவில் ஏற்றிவைத்து, சுமார் 300 பாகை செல்சியசில் எதீனையும் நீராவியையும் அதன் மேல் செலுத்துகிறார்கள். சல்போனிக் அமிலக் கூட்டம் பிணைந்த பிசின் (பிளாஸ்டிக் போன்ற பொருள்) மணிகளை வடித்தெடுத்துத் திரும்பவும் பாவிக்கலாம். ஆனால் ஏறத்தாழ 120 பாகைக்கு மேல் சாதாரணப் பிசின் தாங்காது. அதற்கு மேல் நுண்துளைகள் நிறைந்த கனிமமான சியோலைற்றுத்தான். பெற்றோலியச் சுத்திகரிப்பில் பெரிய மூலக்கூறுகளை உடைப்பதும் அதுவே.

அடுத்த குறிப்பை இந்தத் திண்ம அமிலங்கள் பற்றி, படங்களோடு எழுதச் செய்யுங்கள். கண்டிக்கோ கொழும்புக்கோ ரியூஷனுக்குப் போக வசதியில்லாத பிள்ளைகள் தங்கள் பக்கத்தை வெட்டிக் கொப்பியில் ஒட்டி வைத்துப் படிக்கிறார்கள்.

இரசாயனவியல் ஆசிரியை,
ஹட்டன்.