எலும்பைப் பற்றியும் கேளுங்கள்: மலையக எச்.ஐ.வி. கிளினிக்குகளுக்கு ஒரு திறந்த மடல்

மலையகத்தில் எச்.ஐ.வி. சிகிச்சை தரும் டொக்டர்மாருக்கும் தாதியருக்கும் வணக்கம்.

நான் உங்களிடம் மாத்திரை வாங்குபவர்களில் ஒருத்தி. கொழுந்து பறித்தே வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. பெயர் போடாததற்குக் காரணம் உங்களுக்கே தெரியும்.

முதலில் நன்றி. 2004 முதல் இந்த மருந்து நாட்டில் இலவசமாகக் கிடைக்கிறது. தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. தொற்றுவதை ஒழித்த நாடென்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று கொடுத்தது. அதில் உங்கள் உழைப்பு இருக்கிறது. மாத்திரையை ஒழுங்காக எடுத்தால் மற்றவர்களைப் போலவே வயதாகும்வரை வாழலாம் என்று சொன்னவர்களும் நீங்கள்தான். இப்போது எங்களுக்கு வயதாகிறது. வைரஸ் அளவு பார்க்கிறீர்கள், சிறுநீரகம் பார்க்கிறீர்கள், இருமல் இருக்கிறதா என்று கேட்கிறீர்கள். எலும்பைப் பற்றி மட்டும் என்னிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை.

கிருமி உடம்பில் ஓயாமல் உண்டாக்கும் அழற்சியும் எலும்பைக் கரைக்கிறது. மருந்து தொடங்கிய முதல் ஒன்றிரண்டு வருடத்தில் எலும்பின் அடர்த்தி 2 முதல் 6 சதவீதம் வரை குறையும், அப்புறம் பெரும்பாலும் அதே அளவில் நிற்கும். எங்களில் பலர் எடுக்கும் கூட்டு மாத்திரையிலுள்ள டெனோபோவிர் டைசொப்ரொக்சில் என்ற மருந்து இந்த இழப்பைக் கொஞ்சம் கூட்டுகிறது. சிலருக்குச் சிறுநீர் வழியாக எலும்புக்கு வேண்டிய பொஸ்பேட் உப்பு வெளியேறி எலும்பு மிருதுவாகியும் போகும். இதை வாசிக்கும் என்னைப் போன்றவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: இதற்குப் பயந்து மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

தோட்டத்தில் எலும்பு முறிவது இலேசான விஷயமில்லை. மழையில் வழுக்கும் சரிவில், முதுகில் கூடையோடு ஏறி இறங்குகிறோம். மணிக்கட்டு முறிந்தால் வாரக்கணக்கில் பேர் விழாது, அதாவது நாள் கூலி இல்லை, வீட்டில் அடுப்பு எரியாது. எலும்புக்கு வேண்டிய கல்சியம் எங்கள் சாப்பாட்டிலும் குறைவு: காலையில் ரொட்டியும் சம்பலும் சாயத்தண்ணியும்தான், பாலும் மீனும் எப்போதாவது. மணிக்கட்டைவிட எனக்குப் பெரிய கவலை முதுகெலும்புதான். அது விழாமலே நசுங்கிவிடும். முதுகு வலிக்கிறது என்று போனால், கூடை தூக்கிய வலி என்று நாங்களும் சொல்வோம், தோட்ட டிஸ்பென்சரியிலும் அப்படியே நினைத்து வலி மாத்திரை கொடுப்பார்கள். முறிந்த எலும்போடு மறுநாளும் மலைக்குப் போகிறவர்கள் எங்களுக்குள் இருக்கலாம். வாலிப வயதில் இருந்ததைவிட 4 சென்டிமீட்டர் உயரம் குறைந்திருந்தால் முதுகெலும்பைப் பார்க்க வேண்டும். எடை பார்க்கும்போது உயரத்தையும் ஒருமுறை அளந்து எழுதி வையுங்கள்.

எச்.ஐ.வி. உள்ளவர்களில் 50 வயதைத் தொட்ட ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று நிபுணர்களின் வழிகாட்டல் சொல்கிறது. எல்லோரையும் ஸ்கேனுக்கு அனுப்புவது கஷ்டம் என்று எங்களுக்கும் விளங்குகிறது. எலும்பு முறியும் ஆபத்தைக் கணக்கிடும் ஃபிராக்ஸ் கணிப்புக்கு அந்த மெஷின் தேவையில்லை. வயது, எடை, உயரம், பழைய முறிவு, பெற்றோரின் இடுப்பு முறிவு, புகை, மது, ஸ்டீரொய்ட் மருந்து என்று சில கேள்விகள்தான். இலங்கைக்கென்றே அதில் தனிக் கணக்கு உண்டு. 40 வயதிலிருந்தே செய்யலாம். இரண்டாம் நிலைக் காரணம் (எலும்பைத் தேய்க்கும் வேறு நோய்) என்ற இடத்தில் எச்.ஐ.வி.யைக் குறிக்க மறக்க வேண்டாம், இல்லாவிட்டால் ஆபத்து குறைவாகவே தெரியும். பெண்களிடம் கர்ப்பத்தடைக்கான டெப்போ ஊசி போடுகிறீர்களா என்றும் கேளுங்கள். அதுவும் எலும்பு அடர்த்தியைக் குறைக்கும்.

கல்சியம் மாத்திரை பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் கூட்டு மாத்திரையிலுள்ள டொலுடெகிராவிரை வெறும் வயிற்றில் கல்சியத்தோடோ இரும்புச்சத்து மாத்திரையோடோ சேர்த்து விழுங்கினால், மருந்து உடம்பில் சரியாகச் சேராது. சாப்பாட்டோடு என்றால் சேர்த்தே எடுக்கலாம். இல்லாவிட்டால் எங்கள் மாத்திரையை 2 மணித்தியாலம் முன்போ 6 மணித்தியாலம் பின்போ எடுக்க வேண்டும். கர்ப்பிணித் தாய்மாருக்குக் கல்சியமும் இரும்புச்சத்தும் தாய்மார் கிளினிக்கில் கொடுக்கிறார்கள். எங்கள் வியாதி தெரியாமல் கொடுப்பவரால் இந்த எச்சரிக்கையைச் சொல்ல முடியாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும், தமிழில் எழுதியும் கொடுக்க வேண்டும்.

லயத்தில் ஒரு வீட்டில் பேசுவது அடுத்த வீட்டுக்குக் கேட்கும். அதனால் டிஸ்பென்சரியில் மாத்திரையின் பெயரைச் சொல்ல மாட்டோம். கை முறிந்து பெரிய வைத்தியசாலையில் படுத்தாலும் வாய் திறக்க மாட்டோம். எலும்பு ஏன் இப்படி இலேசாக முறிந்தது என்று அங்குள்ள டொக்டருக்கு விளங்காது, கட்டுப் போட்டு அனுப்பிவிடுவார். என்னோடு கிளினிக்குக்கு வரும் ஒரு அக்காவுக்கு இதுதான் நடந்தது. முறிவைப் பற்றி எங்களிடம் நீங்களே கேட்டால் நாங்கள் மறைக்க மாட்டோம். எங்கள் சம்மதத்தோடு, உறையில் போட்டு ஒட்டிய கடிதமாக எலும்பு டொக்டருக்கு எழுதிக் கொடுங்கள். முறிவு வந்தவர்களுக்கும் சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் டெனோபோவிருக்குப் பதிலாக வேறு மருந்து கொடுக்க முடியுமா என்றும் பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கிளினிக் வாங்கில் உட்கார்ந்திருப்பவர்களில் ஒருத்தி