பரணிலிருந்து இறக்கிய பெட்டி

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கு அனைவரும் நலம். அக்காவின் பெரியவனுக்கு காலேஜில் இடம் கிடைத்துவிட்டது. அம்மாவுக்கு முட்டிவலி முன்னைக்கு இப்போது தேவலை. மற்றதையெல்லாம் அவளே போனில் சொல்லியிருப்பாள்.

நான் எழுத வந்தது பொம்மைப் பெட்டி பற்றி. "பரண்ல இருக்கற பொம்மைங்கள யாருக்காவது குடுத்துடுங்கப்பா, இனிமே எதுக்கு" என்று போன மாதம் ஒரே ஒரு வரி அனுப்பியிருந்தாய். பதிலுக்கு நான் கட்டைவிரல் படத்தை அனுப்பினேன். பார்த்துவிட்டேன் என்று தெரிவிக்கத்தான் அனுப்பினேன், சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதே. யாருக்கும் கொடுக்கவில்லை. கொடுக்கப்போவதும் இல்லை. போனில் இதைப் பேச வந்தால் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. அதனால் தபாலில் போடுகிறேன். வந்து சேர எத்தனை நாள் ஆனாலும் ஆகட்டும்.

மறுநாளே பெட்டியை இறக்கினேன். பரண் தப்பான இடம். மேலே மொட்டைமாடி, கத்திரி வெயிலில் மத்தியானம் அந்தச் சுவரில் கை வைக்க முடியாது. சூடு ஏற ஏற எந்தப் பிளாஸ்டிக்கும் சீக்கிரம் கிழடாகும். முப்பத்தொரு வருஷம் அம்பத்தூரில் மோல்டிங் மெஷின் பக்கத்தில் நின்றவனுக்கு இது தெரியாதா? தெரிந்தும் அங்கேதான் ஏற்றி வைத்திருந்தேன்.

அமுக்கினால் கத்துமே, அந்த மஞ்சள் வாத்து, அது ரயிலின் கூரை மேலே கிடந்தது. எடுக்கப் போனால் பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டு வருகிறது. கூரையில் வாத்தின் வயிறு அப்படியே பள்ளமாகப் பதிந்திருக்கிறது. உன் ஜியோமெட்ரி பாக்ஸில் ரப்பர் ஸ்கேலோடு ஒட்டிக்கொண்டு ஸ்கேல் உருகின மாதிரி ஆகுமே, அதே சங்கதிதான். மெதுவான பொம்மை பிவிசி. அதை மெதுவாக்க அந்தக் காலத்தில் டிஓபி எண்ணெய் கலப்போம். அந்த எண்ணெய் வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கசியும். பக்கத்தில் கெட்டியான பிளாஸ்டிக் இருந்தால் அதற்குள் இறங்கி அதையும் இளக்கிவிடும். அதனால் மெதுவானதையும் கெட்டியானதையும் ஒன்றாக வைக்கவே கூடாது. போதாததற்கு அம்மா நாலு அந்துருண்டை வேறு போட்டிருந்தாள். கெட்டியான பிளாஸ்டிக்கில் ஒரு வகையான பாலிஸ்டைரீனுக்கு அந்த வாடையே ஆகாது. பட்டுப்புடவைக்குப் போடுகிற ஞாபகத்தில் போட்டிருக்கிறாள், அவளை எதுவும் கேட்காதே.

ரயிலுக்குள் பேட்டரி இருந்தபடியே இருந்து கசிந்து, ஸ்பிரிங் பச்சை பூத்துவிட்டது. ரயில் இனி ஓடாது. எடுத்து வைக்கும்போது பேட்டரியைக் கழற்றிவிடு என்று உனக்கு அன்றைக்கே சொன்னேன். சரி, நான் ஒரு தடவை திறந்து பார்த்திருக்கலாம்.

சிப்பாய்களைப் பார்த்துத்தான் அம்மா கலங்கிவிட்டாள். இருபத்துமூன்று பேரில் பதினாலு பேர் இடுப்போடு இரண்டாகக் கிடந்தார்கள். எம்.ஆர்.எஃப்.காரர்களின் ஃபன்ஸ்கூல் நம் நாட்டிலேயே செய்து விற்ற ஜி.ஐ. ஜோ. மூன்றே முக்கால் அங்குலம், முதுகில் ஒரு ஸ்க்ரூ. உள்ளே இடுப்பையும் மார்பையும் இழுத்துப் பிடிக்க ஒரு கறுப்பு ரப்பர் வளையம் இருக்கிறது. அது காய்ந்து அறுந்துவிட்டது, அவ்வளவுதான். ரப்பருக்கு ஆயுள் அவ்வளவுதான் தம்பி. யாரோ சரியாகப் பார்த்துக்கொள்ளாததால் வந்ததில்லை இது, யார் மேலும் தப்பில்லை. ஹார்டுவேர் கடையில் அளவு பார்த்து வளையம் வாங்கி ஒன்பது பேரை நிற்க வைத்துவிட்டேன். மீதி ஐந்து பேருக்கு வளையம் சொல்லியிருக்கிறேன். நம் ஊரில் வந்ததற்குக் கலர் வேறு மாதிரி இருப்பதால் வெளிநாட்டில் இதைத் தேடி வாங்குகிறார்களாம். விற்கலாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. விற்காதே.

வெள்ளையாக இருந்த ஹெல்மெட் எல்லாம் மோர்க்குழம்பு நிறத்துக்கு வந்துவிட்டன. ஏபிஎஸ் என்கிற கெட்டிப் பிளாஸ்டிக் அப்படித்தான், வெளிச்சமும் காற்றும் பட்டால் மஞ்சள் தட்டும். பெராக்சைடில் ஊறவைத்து வெயிலில் வைத்தால் வெளுக்கும் என்று அக்கா மகன் சொன்னான். தொடாதே என்றேன். கொஞ்ச நாளில் மறுபடி மஞ்சளாகும், மேல்தோலும் கெடும். மஞ்சளாக இருந்துவிட்டுப் போகட்டும்.

அடியில் உன் நோட்டு கிடைத்தது. ஆறாம் வகுப்பு. வரிசை எண், பெயர், வாங்கின தேதி, யார் கொடுத்தது, எங்கே உடைந்திருக்கிறது. 17-ம் எண்ணுக்கு நேரே "வலது கட்டைவிரல் இல்லை, தவறு என்னுடையது" என்று எழுதியிருக்கிறாய். எங்கள் கம்பெனி ஸ்டோரில்கூட இப்படி ஒரு ரிஜிஸ்டர் இருந்ததில்லை. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். இப்படி எழுதி வைத்தவன் ஒரே வரியில் எல்லாவற்றையும் கொடுத்துவிடு என்கிறான் என்றுதான் எனக்கு ஆறவில்லை.

இப்போது வைத்திருக்கும் விதம் இது. எல்லாவற்றையும் ஒரு சொட்டு சோப்பு போட்ட தண்ணீரில் கழுவி, இரண்டு நாள் நிழலில் ஆறவிட்டேன். ஸ்க்ரூ ஓட்டையில் ஈரம் நின்றால் துரு பிடிக்கும். கெட்டியானதை என் பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றினேன். கஞ்சி போடாத, நீலம் போடாத வேட்டி. கஞ்சிக்கு இராமபாணப் பூச்சி வரும், நியூஸ்பேப்பர் என்றால் மை ஒட்டும். ரப்பர் பேண்டு எதற்கும் போடவில்லை. பெட்டி பாலிப்ரொப்பிலீன், அடியில் முக்கோணத்துக்குள் 5 போட்டிருப்பது. ஈரத்துக்கு சிலிக்கா ஜெல் போட்டிருக்கிறேன், நீலம் ரோஸ் ஆனதும் மாற்றுவேன். வாத்தும் டைனோசரும் தனித்தனியாகக் கண்ணாடி ஜாடியில். பாலித்தீன் பை அந்த எண்ணெயை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், கண்ணாடி உறிஞ்சாது. அம்மா தன் நார்த்தங்காய் ஜாடியைக் கொடுத்தாள். பெட்டி நடு அறை பீரோவில் இரண்டாவது தட்டில் இருக்கிறது. வெயில் படாது. 2015-ல் தண்ணீர் நின்ற கறைக்கும் மேலே.

2015 என்று எழுதிவிட்டேன். அதையும் சொல்லிவிடுகிறேன். உன் மற்றப் பொம்மைகள் இருந்த பச்சை டிரங்குப் பெட்டி வெள்ளத்தில் போகவில்லை.

2014 பொங்கலுக்கு டிக்கெட் போட்டுவிட்டுக் கடைசியில் வராமல் இருந்தாயே, அந்தக் கோபம் எனக்கு மாசி வரைக்கும் அடங்கவில்லை. வெள்ளையடிக்கப் பரணை ஒழித்தபோது, அதில் இருந்ததையெல்லாம் கொட்டி, பழைய பேப்பர்காரரிடம் நிறுத்துப் போட்டுவிட்டேன். ஏழு கிலோ. அம்மா வேண்டாம் வேண்டாம் என்றாள். கிரைண்டருக்குள் போனால் எல்லாக் கலரும் சேர்ந்து என்னவாக வெளியே வரும் என்று தெரிந்த நானே கொடுத்தேன். அடுத்த வருஷம் டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூரே தண்ணீரில் நின்றபோது எனக்கு ஒரு காரணம் கிடைத்தது. கீழே இறக்கி வைத்திருந்தேன், போய்விட்டது என்று உன்னிடம் சொன்னேன். "பரவாயில்லப்பா, நீங்க ரெண்டு பேரும் பத்திரமா இருக்கீங்கல்ல" என்றாய். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இத்தனை வருஷமாக அம்மாவும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

ஏப்ரலில் அம்மா போனை என்னிடம் கொடுத்தபோது அதே "பரவாயில்லப்பா"வைச் சொன்னாய். அதே குரல். நான் அங்கே குளிர் குறைந்துவிட்டதா என்று கேட்டேன். வேறு எதுவும் என் வாயில் வரவில்லை. அன்றைக்கு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தேன்.

பிப்ரவரியில் வீடியோவில் பேசியபோது உன் பின்னால் ஷெல்ஃபில் ஒரு பெட்டி இருந்தது. டூப்லோ, சின்னக் குழந்தைகளுக்கென்று லெகோக்காரன் செய்கிற பெரிய கட்டைகள். "இப்பவே எதுக்குடா வாங்கினே" என்று கேட்டது நான்தான். கேட்டிருக்கக் கூடாது. ஏதோ பழைய காலத்துப் பேச்சு, அதை மனசில் வைத்துக்கொள்ளாதே. மருமகளிடமும் சொல், மாமா தெரியாமல் கேட்டுவிட்டார் என்று. இப்போது அந்த ஷெல்ஃபில் பெட்டி இல்லை. எங்கே என்று நான் கேட்கவில்லை. கீழ்த்தளத்து ஸ்டோரில் வைத்திருந்தாலும் சரி, தரையில் மட்டும் வைக்காதே, ஈரம் ஏறும். ஹீட்டர் பக்கத்தில் வேண்டாம், ஜன்னல் வெயிலும் வேண்டாம். அது நல்ல ஏபிஎஸ். லெகோக்காரன் 1963-லிருந்து அதில்தான் கட்டை செய்கிறான், அந்தக் காலத்துக் கட்டை இன்றைய கட்டையோடு இன்னும் பொருந்துகிறது. பிரிக்காமல் அப்படியே இருக்கட்டும். எத்தனை வருஷம் ஆனாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிடாதே.

மருமகளை வேளாவேளைக்குச் சாப்பிடச் சொல். நீயும் சாப்பிடு. லீவு கிடைத்தால் இரண்டு பேரும் வாருங்கள். கிடைக்காவிட்டால் சொல், நாங்கள் வருகிறோம். அம்மா பாஸ்போர்ட்டை எடுத்து வெளியே வைத்திருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: 17-ம் எண்ணின் கட்டைவிரல் பெட்டி மூலையில் கிடந்தது. ஒட்டவில்லை. சின்னக் கவரில் போட்டு நோட்டுக்குள் வைத்திருக்கிறேன்.