பேக்கப் இருக்கிறது, அக்கா

அன்புள்ள அக்கா,

நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. உங்கள் நாற்காலியில் இப்போது ஒரு புதுப் பையன் உட்காருகிறான். வந்த அன்றே அதன் உயரத்தைக் கூட்டிவிட்டான். எனக்குத்தான் சுருக்கென்றது.

நம் முதல் சண்டை ஞாபகம் இருக்கிறதா? இணையத்தில் பெயர் கேட்காமல் மனச்சோர்வுக் கேள்வித்தாளை நிரப்பச் சொல்லியிருந்தோம். பாதியில் விட்டுப் போனவர்களின் பதிவுகளை ஒரே கட்டளையில் அழித்துவிட்டு, "டேட்டாவை கிளீன் பண்ணிட்டேன்க்கா" என்று பெருமையாக வந்து நின்றேன். நீங்கள் கத்தவில்லை. "பேக்கப் இருக்கா?" என்று மட்டும் கேட்டீர்கள். இருந்தது, நல்லவேளை. மறுநாள் என் மேசையில் இணையவழி மருத்துவ ஆய்வாளர் குந்தர் ஐசன்பாக் 2005-இல் எழுதிய கட்டுரையின் அச்சுப்படி கிடந்தது. இணையவழிச் சிகிச்சை ஆய்வுகளில் ஆட்கள் உதிர்வது இயல்பு, அதை மறைக்காமல் அதையே ஆராயுங்கள் என்பது அவர் கட்சி. ஓரத்தில் உங்கள் பென்சில்: "போனவங்களும் நம்ம ஆளுங்கதான்."

அப்புறம்தான் அந்த அரைகுறைப் பதிவுகளை உட்கார்ந்து பார்த்தோம். நம் கேள்வித்தாளான பி.எச்.க்யூ-9-இல் ஒன்பது கேள்விகள். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிக் கேட்கும். தூக்கம், சோர்வு, பசி என்று போய், ஒன்பதாவதில் சாவைப் பற்றிய எண்ணம் வரும். அதற்கு 'இல்லவே இல்லை' தவிர எதைத் தொட்டாலும் உதவி எண் வரும்படி நிரல் எழுதியிருந்தேன். "அதுவரைக்கும் வராமலே போறவனுக்கு?" என்றீர்கள். என்னிடம் பதில் இல்லை. அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 எல்லாப் பக்கத்திலும், கட்டைவிரல் எட்டும் இடத்தில், தொட்டதும் அழைப்பு போகும்படி வந்தது அன்றைக்குத்தான். கேள்விகளின் வார்த்தையில் மட்டும் கை வைக்க விடமாட்டீர்கள். சரிபார்த்த அளவுகோலை நம் இஷ்டத்துக்கு மாற்றினால் மதிப்பெண்ணுக்கு அர்த்தமில்லை என்பீர்கள். அதில் நீங்கள் கொஞ்சம் பிடிவாதம்தான்.

சரி, எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

போன வாரம் இறுதிப் பகுப்பாய்வுக்காக, நாமே நிரப்பிப் பார்த்த சோதனைப் பதிவுகளைத் தேடினேன். நான் போட்டவை எல்லாம் 0, 1, 2, 3 என்று வரிசையாக இருக்கும். பட்டன் வேலை செய்தால் போதும் எனக்கு. எல்லாவற்றுக்கும் முதலாக, நீங்கள் போட்டது இருந்தது. நேரம் அதிகாலை 2:14. தூக்கம்: ஏறக்குறைய தினமும். சோர்வு: ஏறக்குறைய தினமும். ஒன்பதாவதற்கு 'இல்லவே இல்லை'. ஒன்பது பதில்களின் மதிப்பெண்ணையும் கூட்டிப் பார்த்தேன், 14. பத்தைத் தொட்டாலே ஆளை உட்காரவைத்துப் பேச வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது நீங்கள்தான்.

உங்களைக் கொண்டுபோனது இதயம். இதற்கும் அதற்கும் முடிச்சுப் போட மாட்டேன், போட்டால் திட்டுவீர்கள். ஒருவேளை நீங்களும் சும்மா எதையோ தொட்டிருக்கலாம். ஆனால் அன்று காலை நான் உங்களிடம் கேட்டது, "பட்டன் வேலை செஞ்சுதாக்கா?" என்பது மட்டும்தான். "செய்யுது" என்றீர்கள்.

சோதனைப் பதிவு கணக்கில் சேரக் கூடாது. நேற்று நீக்கிவிட்டேன்.

பேக்கப் இருக்கிறது.

உங்கள் தம்பி