கருவில் பட்ட பஞ்சம்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பரிணாமத்தை வகுப்பில் சோதனையாகவே செய்து காட்டப் போகிறாய் என்பது மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் "கருவில் பட்டினி கிடந்த குழந்தையின் உடல் பின்னால் வரப்போகும் பஞ்சத்துக்குத் தயாராகிறது" என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரியை மட்டும் மாணவர்களிடம் அப்படியே சொல்லிவிடாதே.

அப்படித் தயாராகும் உயிர்கள் உண்டு. புல்வெளியில் வாழும் வோல் என்ற சிறு எலியைப் பார். பகல் நீள்கிறதா குறைகிறதா என்ற செய்தி, தாயின் மெலடோனின் என்ற ஹார்மோன் வழியாக நஞ்சுக்கொடி கடந்து கருவுக்குப் போகிறது. குளிர் தொடங்குமுன்பே, இலையுதிர்காலக் குட்டிக்கு மயிர் அடர்த்தியாக முளைக்கிறது. பகல் குறைந்தால் குளிர் வந்தே தீரும், அந்தச் செய்தி பொய்க்காது. குட்டியின் ஆயுளும் குறுகியதுதான். மனிதக் கருவுக்குக் கிடைப்பதோ ஒன்பது மாதச் செய்தி. அதை வைத்து ஐம்பது அறுபது ஆண்டுகளைக் கணிக்க முடியுமா?

இதைச் சோதிக்க நான்கு குழுக்கள் வேண்டும்: தொடக்கம் வளமா வறுமையா, பின்வாழ்க்கை வளமா வறுமையா. கணிப்பு உண்மையென்றால், வறுமையில் தொடங்கியவர்கள் பின்னால் வரும் வறுமையில் மற்றவர்களை முந்த வேண்டும். வளமாகத் தொடங்கியவர்களே இரண்டிலும் முந்தினால், நடந்தது வெறும் பாதிப்பு.

எல்லோரும் காட்டும் சான்று 1944–45 நெதர்லாந்துப் பஞ்சம். கருப்பருவத்தின் நடு, கடைசி மாதங்களில் அந்தப் பஞ்சத்தில் சிக்கியவர்களுக்கு வளர்ந்தபின் சர்க்கரையைக் கையாளும் திறன் குறைந்திருந்தது. ஆனால் இரண்டாம் உலகப் போரில் ரஷ்யாவின் லெனின்கிராட் நகரம் முற்றுகையில் பட்டினி கிடந்தபோது கருவில் இருந்தவர்களிடம் அப்படியொரு வேறுபாடு தெரியவில்லை என்று 1997-ல் வந்த ஆய்வு சொன்னது. நெதர்லாந்தில் பஞ்சம் முடிந்ததும் உணவு தாராளமாகக் கிடைத்தது, லெனின்கிராடில் கிடைக்கவில்லை என்று இதற்கு விளக்கம் தருவார்கள். இருக்கலாம். ஆனாலும் கருவில் பட்டினி கிடந்தவர்கள் இன்னொரு பஞ்சத்தில் மேலாகத் தாங்கினார்கள் என்று இந்த இரண்டுமே காட்டவில்லை.

அதைக் கிட்டத்தட்ட நேராகவே கேட்டது பின்லாந்தின் தேவாலயப் பதிவேடுகளை வைத்து 2013-ல் வெளியான ஆய்வு. விளைச்சல் பொய்த்த ஆண்டில் பிறந்தவர்கள் 1866–68 பெரும்பஞ்சத்தில் மேலாகத் தாங்கவில்லை. உயிர் பிழைத்ததும் குழந்தைப்பேறும் அவர்களிடம் குறைவு. என்னைக் கேட்டால் மனிதர்களைப் பொறுத்தவரை இதுதான் கனமான சான்று. உணவு குறையும்போது கரு மூளைக்குப் போகும் இரத்தத்தைக் காத்துக்கொண்டு மற்ற உறுப்புகளில் சிக்கனம் பிடிக்கிறது. சிறுநீரகத்தில் வடிகட்டும் நுண்ணமைப்புகளான நெஃப்ரான்கள் கருவின் ஏறக்குறைய 36-ஆம் வாரத்தோடு உருவாகி முடிந்துவிடும், பிறகு அவற்றின் எண்ணிக்கை கூடுவதில்லை. அன்றைக்குப் பிழைக்கக் கொடுத்த விலை அது.

வகுப்புக்கு டாஃப்னியா பியூலெக்ஸ் என்ற நீர்த்தெள்ளை எடுத்துக்கொள். ஒரே தாயிலிருந்து ஆண் கலப்பின்றிப் பெருகியவற்றை, ஒரே நீர், ஒரே பாசி உணவு, 20 பாகை வெப்பத்தில் மூன்று தலைமுறை வளர்த்துவிடு. பழைய தாய்களின் தாக்கம் அப்போதுதான் அடங்கும். நீரில் குளோரின் இருந்தால் எல்லாம் செத்துவிடும். எதிரி, கேயோபோரஸ் என்ற கொசு போன்ற பூச்சியின் புழு. அது இருந்த நீரை வடிகட்டி ஊற்றினாலே போதும், குஞ்சின் கழுத்தில் முள்போன்ற பற்கள் முளைக்கும். இங்கே பலரும் தவறுவது இரண்டு இடங்களில். புழுவைப் பட்டினி போட்டால் எதிரி இருப்பதைக் காட்டும் அடையாளப் பொருளே நீரில் வராது. அது புழுவின் செரிமானத்தில் உண்டாவது, ஆகவே டாஃப்னியாவையே அதற்கு இரையாகக் கொடு. இரண்டாவது, பிறந்த குஞ்சை அந்த நீரில் விட்டால் முதல் பருவத்துப் பற்களுக்குக் காலம் கடந்துவிட்டிருக்கும். தாயின் முதுகுப்புறக் குஞ்சுப் பையில் கரு இருக்கும்போதே தாயை மாற்றிவிடு.

பல் உள்ளவை, இல்லாதவை என இரு வகையிலும் பத்துப் பத்துக் குஞ்சுகளைப் புழுவோடு விட்டு, மறுநாள் எஞ்சியதை எண்ணு. மீதியைப் புழு இல்லாத நீரில் வளர்த்து, எது முதலில் முட்டை சுமக்கிறது என்று குறித்துக்கொள். பற்களை முதல் சில தோலுரிப்புகளுக்குள் உருப்பெருக்கியில் பார்த்துவிட வேண்டும், உடல் பெருத்தபின் அவை இருக்காது. நான்கு குழுக்களின் எண்ணிக்கையும் வந்ததும் எழுது.

உன் நண்பன்