பறக்கும் புலிகளுக்கு முன்னால் பறந்தவர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் உலகப் போரில் சீனாவுக்காக ஜப்பானோடு போரிட்ட அமெரிக்கத் தன்னார்வ விமானிகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த ‘பறக்கும் புலிகள்’ கட்டுரையை ஆவலோடு படித்தேன். அவர்களின் தளபதி ஷெனால்ட்டைப் பற்றியும், சுறா வாய் தீட்டிய அவர்களின் பி-40 போர் விமானங்களைப் பற்றியும் கட்டுரையாளர் நன்றாகவே எழுதியிருக்கிறார். ஆனால், அமெரிக்கத் தன்னார்வ விமானிகள் வரும்வரை சீன வானத்தைக் காக்க ஆளே இல்லை என்று அவர் எழுதியதை என்னால் ஏற்க முடியவில்லை. புலிகள் முதல் சண்டையில் இறங்கியது 1941 டிசம்பர் 20 அன்று. அதற்குள் சீன விமானிகள் நான்கு ஆண்டுகளுக்கும் மேலாகப் போரிட்டு மடிந்திருந்தார்கள்.

1937 ஆகஸ்ட் 14 அன்று, அப்போது ஜப்பானின் ஆட்சியில் இருந்த தைபேயிலிருந்து வந்த ஜப்பானியக் குண்டுவீச்சு விமானங்களைக் கிழக்குச் சீனாவின் ஹாங்சோ நகருக்கு அருகே சீன விமானி காவ் ஜிஹாங்கின் படை எதிர்கொண்டது. நெடுந்தூரம் பறந்து வந்து, எரிபொருள் தீரும் நிலையில் இருந்த தங்கள் விமானங்களைக் கொண்டு சீனர்கள் நடத்திய சண்டை அது. ஆறு விமானங்களை வீழ்த்தியதாகச் சீனத் தரப்பு அறிவித்தது. ஜப்பானியப் பதிவுகளில் எண்ணிக்கை குறைவு. எண்ணிக்கை எதுவானாலும், அன்றைய சீன அரசு பின்னர் இடம்பெயர்ந்த தைவானில் இன்றும் அந்த நாள்தான் விமானப்படை தினம். மூன்று மாதம் கழித்து, நவம்பர் 21 அன்று, சோஜியாகோ விமானத்தளத்தில் குண்டுகள் விழுந்துகொண்டிருந்தபோது தன் விமானத்தை மேலே கிளப்ப முயன்ற காவ் அங்கேயே உயிரிழந்தார்.

தொடக்கத்தில் அமெரிக்க ஹாக், பிறகு சோவியத் ஐ-15, ஐ-16, பிரிட்டிஷ் கிளாடியேட்டர் என்று சீனர்கள் ஓட்டிய போர் விமானங்கள் பெரும்பாலும் வெளிநாட்டில் வாங்கியவை. ஜப்பான் தன் விமானங்களைத் தானே தயாரித்தது. சீனா இழந்த ஒவ்வொரு விமானத்துக்கும் மாற்று வேண்டுமென்றால் இன்னொரு நாட்டின் தயவை எதிர்பார்த்து நிற்க வேண்டும். சோவியத் யூனியன் விமானங்களோடு விமானிகளையும் அனுப்பியது. அவர்களில் இருநூறுக்கும் மேற்பட்டோர் சீனாவில் உயிர்விட்டார்கள். கட்டுரையில் அவர்களைப் பற்றியும் ஒரு சொல் இல்லை.

ஜப்பானின் ஜீரோ போர் விமானத்தை உலகம் முதலில் கண்டது பேர்ல் ஹார்பரில் என்று எழுதியிருப்பதும் தவறு. 1940 செப்டம்பர் 13 அன்று, சீனாவின் போர்க்காலத் தலைநகரான சோங்கிங்கை அடுத்த பிஷான் நகருக்கு மேலேதான் அது முதன்முதலாகப் போரிட்டது. குண்டுவீச்சு விமானங்களோடு திரும்பிப் போவதுபோல் போக்குக் காட்டிய 13 ஜீரோக்கள், சீன விமானங்கள் மீண்டும் தலைகாட்டியதும் திரும்பி வந்து பாய்ந்தன. சீனத் தரப்பில் இருந்தவை 34. அவற்றில் பெரும்பாலானவை ஐ-15 வகை இரட்டை இறக்கை விமானங்கள். சக்கரங்களை உள்ளிழுக்கக்கூட வசதி இல்லாதவை. ஜீரோவோ அவற்றைவிட மணிக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேல் வேகமானது, இறக்கைகளில் 20 மில்லிமீட்டர் பீரங்கிகள் வேறு. அரை மணி நேரச் சண்டையில் 13 சீன விமானங்கள் விழுந்தன, பத்து விமானிகள் மாண்டார்கள். ஜப்பானியர் ஒரு விமானத்தையும் இழக்கவில்லை. துணிச்சலில் குறை இருந்து வந்த தோல்வி இல்லை இது.

இந்தப் புதிய விமானத்தைப் பற்றி ஷெனால்ட் அமெரிக்காவுக்கு எச்சரிக்கை அனுப்பினார். அதை அங்கே பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1942 ஏப்ரலில் கொழும்புக்கும் திருகோணமலைக்கும் மேலே பிரிட்டிஷ் விமானிகள் எதிர்கொண்டதும் இதே ஜீரோவைத்தான். நம் கடற்கரைக்கு இவ்வளவு அருகில் நடந்த அந்தத் தாக்குதல்களை அறிந்த வாசகர்களுக்கு பிஷான் என்ற பெயரே தெரியாமல் இருப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

அமெரிக்கர்களைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்றாலும் ஆர்தர் சின்னை விட்டிருக்கக் கூடாது. ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லண்டில் பிறந்தவர். தந்தை சீனர், தாய் பெரு நாட்டவர். புலிகள் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே சீனாவுக்குப் போய்ப் படையில் சேர்ந்தார். கிளாடியேட்டரில் பறந்து ஜப்பானிய விமானங்களை வீழ்த்திய அவர், 1939 டிசம்பர் 27 அன்று குன்லுன் கணவாய்க்கருகே எரியும் விமானத்திலிருந்து குதித்தார். உடலெங்கும் தீக்காயம். அடுத்த சில நாட்களிலேயே விமானக் குண்டுவீச்சில் மனைவியையும் இழந்தார். பல அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகு இமயமலையைத் தாண்டிச் சீனாவுக்குச் சரக்கு விமானம் ஓட்டவும் போனார்.

அடுத்த இதழில் திருத்தம் வெளியிடுவீர்கள் என்று நம்புகிறேன். முடிந்தால் 1937 முதல் 1941 வரையிலான இந்த வான்போரைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதச் சொல்லுங்கள். சோங்கிங் மக்கள் ஆண்டுக்கணக்கில் குண்டுவீச்சைத் தாங்கிய கதையும் அதில் இடம்பெற வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
தஞ்சாவூர்