வில்லியம் சாவேஜின் மைக் குறிப்பு

அன்புள்ள நண்பருக்கு,

வில்லியம் சாவேஜைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 1770-இல் யார்க்ஷயரின் ஹவ்டனில் பிறந்தவர், லண்டன் அச்சுக்காரர். 1822-இல் வந்த அலங்கார அச்சு நூலால்தான் அவரைச் சிலருக்காவது தெரியும். அதில் ஒரே வண்ணப் படத்தை அச்சிட, செதுக்கிய மரக்கட்டைகளை 29 வரை பயன்படுத்தினார். என் மதிப்பில் அதைவிடப் பெரியது 1832-இல் அவர் எழுதிய அச்சு மை நூல். மை தயாரிப்பவர்கள் பொத்திப் பொத்தி வைத்திருந்த தொழிலை அளவோடும் காரணத்தோடும் எழுதிவைத்தார்.

அவருடைய கறுப்பு மைக்கு 6 குவார்ட் (ஏறக்குறைய 7 லிட்டர்) ஆளிவிதை எண்ணெய். காய்ச்சும் பானை அதைப்போல் இரு மடங்காவது கொள்ள வேண்டும். புகை எழும்போது ஆவியைப் பற்றவைத்து, எரியவிட்டு, மூடி அணைப்பார்கள். ஆறிய துளியை இரு விரலிடையே இழுத்தால் அரை அங்குலத்துக்கு நூல் வர வேண்டும். பதம் போதாவிட்டால் எண்ணெய் பிரிந்து, தாளில் எழுத்தைச் சுற்றி மஞ்சள் வளையம் படரும். பிறகு 6 பவுண்டு ரோசினை, அதாவது பைன் மரப் பிசினைச் சிறிது சிறிதாகக் கரைத்து, 1¾ பவுண்டு சோப்பைச் சீவிப் போட வேண்டும். சோப்பு நன்கு காய்ந்திருக்க வேண்டும். ஈரம் இருந்தால் கொதிக்கும் எண்ணெய் பொங்கி வழிந்துவிடும். கடைசியில்தான் விளக்குக்கரி, அதாவது எண்ணெய் எரியும் புகையில் படியும் கரித்தூள். கரியின் பழுப்புச் சாயலை மாற்ற அவுரி, பிரஷ்யன் நீலம் என்ற இரு நீல நிறப்பொடிகளும் கொஞ்சம் சேரும்.

எனக்கு மிகவும் பிடித்தது சோப்பைப் பற்றிய பகுதி. சோப்பு இல்லாத மை சில நூறு தாள்கள் போவதற்குள்ளேயே உலோக அச்செழுத்தின் முகத்தில் அப்பிக்கொள்ளும். காரநீர் இல்லாமல் கழுவவும் முடியாது, சட்டியில் சீக்கிரம் ஆடையும் கட்டும். சோப்பு மிகுந்தாலோ அச்சு திட்டுத்திட்டாக விழும், மை காயவும் தாமதமாகும். எழுத்து அடைபடாமல் சுத்தமாக அச்சாகும் இடமே சரியான அளவு. கறுப்புக்கு மஞ்சள் சோப்பு, மென்னிறங்களுக்கு வெள்ளைச் சோப்பு.

அடுப்பே வேண்டாத மை ஒன்றும் அவர் தந்திருக்கிறார். கொப்பைவா பால்சம் என்ற மரப்பிசின் நெய் 9 அவுன்ஸ், விளக்குக்கரி 3, அவுரியும் பிரஷ்யன் நீலமும் சமமாகச் சேர்ந்து 1¼, இந்தியச் சிவப்பு என்ற செந்நிறப் பொடி ¾, காய்ந்த சோப்பு 3 அவுன்ஸ். கல்லில் குழவியால் நெருநெருப்பு அடங்கும்வரை அரைத்தால் போதும். பால்சம் தானாகவே பிசுபிசுப்பாக இருப்பதால் எண்ணெயைக் காய்ச்சிப் பதமாக்கும் வேலையே இல்லை. கொஞ்சம் படிகளை மட்டும் நேர்த்தியாக அடிக்க நினைக்கும் சிறு அச்சகத்துக்கு இது எவ்வளவு பெரிய உதவி!

அவருடைய 1841 அச்சுக்கலை அகராதி உங்களிடம் இருக்கிறதல்லவா? மை பற்றிய பதிவில் இந்த அளவுகள் அப்படியே இருக்கின்றனவா, மாற்றியிருக்கிறாரா என்று பார்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் நண்பன்