எட்டுப் பக்கத்துக்கு ஒரு தாள்

பாளையங்கோட்டை,
ஞாயிறு காலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவும் நானும் சுகம். போனில் சொல்லியிருக்கலாம்தான். நீ பேசும்போது பின்னால் குக்கர் விசில், சின்னவள் அழுகை, நடுவில் பெரியவனுக்கு ஓர் அதட்டல். எதையும் முழுசாகச் சொல்லி முடிக்க வாய்ப்பதில்லை.

"கணக்குப் போடுறான், வாசிக்கிறான், எழுதச் சொன்னா மட்டும் வயிறு வலிக்குதுங்கிறான்ப்பா. வீட்டுல வச்சுப் படிக்க வைக்கிறது தப்போ?" என்று கேட்டாயே, அதுதான் ஒரு வாரமாக மண்டைக்குள் ஓடுகிறது. தப்பு, சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தியபோது எனக்குப் பிடிக்கவில்லை என்பது உனக்கும் மாப்பிள்ளைக்கும் தெரியும். தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக 14 வயதில் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதலாம் என்று மாப்பிள்ளை விளக்கிய அன்றைக்குத்தான் உன் அம்மா ஒழுங்காகத் தூங்கினாள். அது போகட்டும்.

நீ அனுப்பிய போட்டோவைக் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். "எனது கோடை விடுமுறை" என்று தலைப்பு; கீழே பத்து வெற்றுக் கோடு. வீட்டிலேயே படிக்கிற பிள்ளைக்குக் கோடை விடுமுறை ஏதம்மா? எனக்கே வயிறு வலித்தது.

1974-ல் அச்சகத்தில் கால் வைத்தபோது எனக்குப் பதினேழு வயது. எனக்கு எழுத்து என்றால் கையில் எடுக்கிற ஈயம். ஒரு வரி கோர்த்தால், எழுத்தை அடுக்குகிற கைச்சட்டமான ஸ்டிக்கில் அதன் கனம் தெரியும். தலைகீழாகவும் இடவலம் மாறியும் இருக்கிற எழுத்தை வாசித்து வாசித்து, தமிழ் வாக்கியத்தில் ஒரு வேடிக்கையைக் கண்டுகொண்டேன். கடைசிச் சொல்லை ஸ்டிக்கில் வைக்கிற வரைக்கும் என்ன நடந்ததென்று யாருக்கும் தெரியாது. வினை கடைசியில்தானே வருகிறது!

இதை வைத்தே பெரியவனோடு விளையாடு. பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டினால் நல்ல தடித்த அட்டை கிடைக்கும். ஒரு நீளத் துண்டில், "ஆச்சி ஒளித்து வைத்திருந்த கடைசி முறுக்கைக் காக்கா" என்று எழுதி நிறுத்திவிடு. குட்டிச் சீட்டுகளில் தின்றது, விற்றது, திருப்பிக் கொடுத்தது, மன்னித்தது என்று எழுதி ஒரு டப்பாவில் போடு. அவன் எடுத்து ஒட்ட வேண்டியது ஒரே சொல். "மன்னித்தது" வந்தால், முறுக்கு காக்காவுக்கு என்ன துரோகம் செய்தது என்று கேள். அவன் சொல்ல ஆரம்பிப்பான். அதை அடுத்த துண்டில் எழுதச் சொல். நோட்டைத் தொடவே வேண்டாம்.

இன்னொன்று, பையன்களுக்குப் பிடிக்கும். 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது உனக்குத் தெரியும். ணா, றா, னா, அவற்றின் ஒகர ஓகாரங்கள், ணை, லை, ளை, னை என 13 எழுத்துக்கு உருவம் மாறியது. அதற்கு முன்னால் லை, னையெல்லாம் யானைத் தும்பிக்கை போட்டு நிற்கும். அந்தப் பழைய உருவங்களைத் தனித்தாளில் வரைந்து அனுப்புகிறேன். இரகசிய எழுத்து என்று மட்டும் அவனிடம் சொல். எனக்கு அந்த எழுத்தில் கடிதம் போடட்டும். மாப்பிள்ளைக்கு வாசிக்கத் தெரியாது என்பதே அவனுக்குப் பெரிய ஊக்கம்.

சின்னவள் இன்னும் எழுதவில்லையே என்று கவலைப்படாதே. அவள் வாய்தான் பேனா, நீ எழுத்துக் கோர்க்கிற கம்பாசிட்டர். சொல்வதை அப்படியே எழுது. கன்னடம் கலந்தால் கலக்கட்டும். போன தடவை வந்தபோது ஊட்டிவிடுகையில் "சாக்கு தாத்தா, சாக்கு" என்றாள். நான் கோணிப்பை எதற்கு என்று வீடெல்லாம் தேடினேன். போதும் என்று அர்த்தமாம்! அந்தக் கதையையே அவள் சொல்லச் சொல்ல எழுதி வை.

இப்போது புத்தகம். ஏ4 தாள் ஒன்று போதும். நீளவாக்கில் ஒரு மடிப்பு, குறுக்குவாக்கில் இரண்டு மடிப்பு. விரித்தால் எட்டுக் கட்டம். திரும்பக் குறுக்கே பாதியாக மடித்து, மடிப்புப் பக்கத்திலிருந்து நடுக்கோட்டின் மேல் ஒரு கட்ட நீளத்துக்குக் கத்தரி. விரித்து, இந்தத் தடவை நீளவாக்கில் மடித்து, இரண்டு முனையையும் பிடித்து உள்ளே தள்ளினால் நடுவில் வாய் திறந்து கூட்டல் குறி மாதிரி நிற்கும். சுற்றி மடித்து அழுத்து. எட்டுப் பக்கப் புத்தகம், தையலும் இல்லை, பசையும் இல்லை. அட்டை இரண்டு போக ஆறு பக்கம்தான் அவன் எழுத வேண்டும். பக்கத்துக்கு ஒரு வரி என்றால் வயிறு வலிக்காது.

கொஞ்சம் பழகியதும் தையல் புத்தகத்துக்குப் போகலாம். நாலைந்து தாளை ஒன்றாக மடித்து, முதுகில் மூன்று துளை. கோணி ஊசியில் துளை போடுவது நீ, கோர்ப்பது அவன். நூலை மெழுகுவத்தியில் ஒரு இழுப்பு இழுத்தால் சிக்காது. நடுத்துளையில் உள்ளிருந்து வெளியே, மேல்துளையில் உள்ளே, கீழ்த்துளையில் வெளியே, மறுபடி நடுவில் உள்ளே வந்து முடிச்சு. அட்டை ஒட்ட மைதாப் பசை: ஒரு தம்ளர் பச்சைத் தண்ணீரில் இரண்டு கரண்டி மைதாவைக் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் பளபளப்பு வரும்வரை கிண்டு. பைண்டிங் கடையில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் போடுவோம். அது விஷம், பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு வேண்டாம். இரண்டு நாளில் பசை புளித்துவிடும்; கொட்டிவிட்டுப் புதிதாகக் காய்ச்சு.

எழுதியதை யாராவது வாசிக்க வேண்டும். அதற்குக் கையெழுத்துப் பத்திரிகையைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. ஒரே பிரதி, கை மாறிக் கை மாறிப் போகும். கடைசித் தாளில் வாசித்தவர்கள் நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். உங்கள் அடுக்கு மாடியில் எட்டு வீடு இருக்கிறதே, போதாதா?

இதை எழுதும்போது ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. நாலாம் வகுப்பு லீவில் நீ ஒரு பத்திரிகை நடத்தினாய். "மொட்டைமாடி". ஆசிரியரும் நீ, ஓவியரும் நீ. எதிர்வீட்டு ஆச்சி உட்பட ஆறு வாசகர்கள். ஆறாவது ஆள் நான். ராத்திரி வேலை முடிந்து வந்து, சிவப்புப் பேனாவை எடுத்தேன். பழக்கதோஷம். ஒற்றுப்பிழை, ரகர றகரம் என்று எல்லாப் பக்கத்திலும் சுழித்து, கடைசியில் "பிழைகள் 41" என்று கூட்டல் வேறு போட்டேன். இரண்டாவது இதழ் வரவில்லை. ஏன் வரவில்லை என்று நானும் கேட்கவில்லை.

இத்தனை வருஷம் அச்சகத்தில் இருந்தவனுக்கு அன்று ஒரு சின்ன விஷயம் உறைக்கவில்லை பார். திருத்தம் போடுவது புரூஃபில், அதாவது அச்சுக்கு முன்னால் எடுக்கிற சோதனைத் தாளில். அச்சாகி வந்த பிரதியில் எவனும் சுழிக்க மாட்டான். பெரியவனுக்கு முதலில் ஒரு கழிவுத்தாளில் புரூஃப் எழுதக் கொடு. அதில் பென்சிலால், ஒரு தடவைக்கு ஒரு வகைப் பிழை மட்டும். இந்த இதழுக்கு ர, ற என்றால் அதோடு நிறுத்து. ஒற்று அடுத்த இதழுக்கு. அவன் புத்தகத்தில் எழுதி முடித்த பிறகு எத்தனை பிழை கண்ணில் பட்டாலும் பேனாவைக் கீழே வை.

பார்சலில் தாள் ஒரு கட்டு, கோணி ஊசி, நூல்கண்டு வைத்திருக்கிறேன். அடியில் "மொட்டைமாடி" முதல் இதழும் இருக்கிறது. சிவப்பு மங்கியிருக்கிறது, போகவில்லை. பெரியவனிடம் காட்டு. யார் இப்படிக் கிறுக்கியது என்று கேட்டால் சொல்லிவிடு.

மைதா அங்கேயே வாங்கிக்கொள்.

அப்பா

பி.கு.: கவரில் இருக்கிற ஐம்பது ரூபாய் அவனுடைய முதல் இதழுக்குச் சந்தா. ஒரே பிரதிதான் என்றால் வாசித்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.